சில்வர் முகத்துக்கு எந்த ஃபேஸ்வாஷ்

திங்கட்கிழமை காலையிலிருந்து இந்தக் கண்ணாடி அலமாரியின் சாவி உங்கள் இருவர் கையில் இருக்கும். என்னை மதுரைக் கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். அறிவுரை சொல்லும் வயது எனக்கு ஆகிவிடவில்லை. தலையில் ஒரு நரைகூட இல்லை. ஆனால் சிவகாசி பஜாரில், ஃபேஸ்வாஷ் கவுண்டரில், ஏழு தீபாவளி சீசனை நின்றுகொண்டே கழித்தவனுக்கு ஓய்வு பெற்றவன் போலப் பேசக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

பில் போடுவது, ஸ்டாக் எடுப்பது, எலி கடித்த டியூபைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவது எல்லாவற்றையும் வளையல் கவுண்டர் செல்வி அக்கா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார். நான் சொல்ல விரும்புவது முகங்களைப் பற்றி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விருதுநகரில் வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு இந்தக் கவுண்டரில் சேர்ந்த அன்று அப்பா கேட்டார்: "ஏலே, மூணு வருசம் படிச்சது ஊரான் மூஞ்சியக் கழுவவா?"

கழுவுவதில்லை அப்பா, எதை வைத்துக் கழுவலாம் என்று ஆலோசனை சொல்கிறேன் என்று பொறுமையாக விளக்கினேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அடுப்படிக்குப் போய் அம்மாவிடம், "கழுவக்கூட இல்லையாம்" என்று சொன்னார்.

சேர்ந்த மாதமே மதுரையில் பயிற்சி கொடுத்தார்கள். குளிர்சாதன அறை, பெரிய திரை, அதில் ஒரு அட்டவணை. உலகத்தில் இருக்கும் எல்லா முகமும் நான்கே வகை: எண்ணெய்ச் சருமம், வறண்ட சருமம், இரண்டும் கலந்தது, தொட்டாலே சிவந்துபோவது. வாடிக்கையாளரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கழுவியதும் முகம் இழுக்கிறதா? மதியத்துக்குள் மூக்கு பளபளக்கிறதா? புதிதாக எதையாவது பூசினால் எரிகிறதா? இந்த மூன்று பதிலை வைத்து எந்த முகத்தையும் நான்கில் ஒரு கட்டத்துக்குள் உட்கார வைத்துவிடலாம்.

நான் அதை மனப்பாடம் செய்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். முதல் வாரமே அட்டவணை கிழிந்துவிட்டது. காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு காதும் ரோஸ் நிறம். "கழுவினா இழுக்குதாண்ணே?" என்று கேட்டேன். "கழுவினா நீலமாகுது" என்றார். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். முகத்தில் துணி கட்டி வேலை பார்க்கிறவர்கள் என்பதால் நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், நடுவில் கோடு கிழித்தது போல எல்லை. இது "இரண்டும் கலந்தது" என்ற கட்டத்தில் வருமா என்று பயிற்சி கொடுத்த மேடத்துக்குப் போன் செய்து கேட்டேன். அவர் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார்.

அதனால் நானாக நான்காவது கேள்வி ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: எந்தக் கம்பெனி, எந்த ரூம்? இந்த ஊரில் இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. நீங்களும் இதைக் கேளுங்கள். எங்கே கேட்கக்கூடாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்தது எது என்று நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மதியமே மூக்கு பளபளக்கிற முகத்துக்கு அந்தப் பச்சை ஜெல்; நல்ல நுரை, வஞ்சனை இல்லாமல் கழுவும். பரு இருக்கிற பையன்களுக்கு அதே வரிசையில் சாலிசிலிக் போட்டது, ஆனால் நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம் என்று அடித்துச் சொல்லுங்கள். அவர்கள் எட்டுத் தடவை கழுவுவார்கள். தொட்டால் சிவக்கிற முகத்துக்கு வாசனையே இல்லாத அந்த வெள்ளை பாட்டில். வறண்ட முகத்துக்கு நுரை வராத க்ரீம்தான் என் செல்லம். ஆனால் அதை விற்பதுதான் கஷ்டம். நுரை வராவிட்டால் நம் ஊரில் அது சோப்பே இல்லை. "நுரைக்குத் தனியா பாக்கெட்டு தருவீகளா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

நம் முதலாளி அண்ணாச்சியின் கருத்து வேறு. "மூஞ்சி ஒண்ணுதாம்லே. அதுக்கு எதுக்கு இம்புட்டு டப்பா?" என்பார். கேட்டுக்கொள்ளுங்கள், எதிர்த்துப் பேசாதீர்கள். டப்பாவை விற்பதும் அவர்தான்.

இனி காளிராஜ் அண்ணன் கதைக்கு வருகிறேன்.

அது சீசன் சூடாக இருந்த சமயம். ஒரு மதியம் கடைக்குள் வெளிச்சம் வந்தது. ஆள் பிறகுதான் வந்தார். முப்பது வயதிருக்கும், நல்ல உயரம், முகம் முழுக்க சில்வர். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் வேலை. வெடிக்கான கலவையைச் சலித்துச் சேர்க்கிற அறையை அப்படித்தான் சொல்வோம். அங்கே புழங்கும் அலுமினியப் பவுடர் மாவை விட மெல்லியது. முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பாராம். அந்தப் பவுடர் துணியைத் துணியாக மதிப்பதில்லை.

"தம்பி, ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுக்காரக வீடு பாக்க வாராக," என்றார். "அதுக்குள்ள இது போகணும்."

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணைப் பார்த்து முடித்த பிறகு, பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டையும் ஆளையும் பார்க்க வருவார்கள். சரி என்றால் பூ, இல்லை என்றால் காப்பியோடு சரி. இவர் விஷயத்தில் பெண் பார்க்க இவரது அம்மாவும் அக்காவும் மட்டும் போயிருந்தார்கள். சீசனில் இவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெண் வீடு மல்லாங்கிணறு. மானாவாரிக் காடு வைத்து விவசாயம் செய்கிற குடும்பம். இவரைப் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தார்கள்.

"பொண்ணோட அப்பா முதல்லயே சொல்லிட்டாராம், மருந்து ரூம்ல நிக்கிற ஆளுக்குப் பொண்ணு கெடையாதுன்னு. தரகர் நான் கம்பெனில இருக்கேன்னு மட்டும் சொல்லி வச்சிருக்காரு."

"அண்ணே, சொல்லிருங்களேன்," என்றேன்.

"சொல்லத்தாம்பா போறேன். ஆனா முதல்ல அவுக என் மூஞ்சியப் பாக்கட்டும். இதோட போய் நின்னா வாயத் தொறக்க முன்னாடியே எல்லாம் தெரிஞ்சிருமே."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மூன்று கேள்விகளையும் முறைப்படி கேட்டேன். கழுவினால் இழுக்கிறதா? "துணி சோப்பு போட்டுத்தாம்பா கழுவுறேன், இழுக்காம என்ன செய்யும்?" மூக்கு பளபளக்கிறதா? அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கேள்வியை நான் தவிர்த்திருக்கலாம்.

கடைக்குப் பின்னால் இருக்கும் வாஷ்பேசினுக்கு அழைத்துப் போனேன். முதலில் பச்சை ஜெல். நுரை பிரமாதமாக வந்தது, சில்வர் அசையவில்லை. தண்ணீர் அவர் கன்னத்தில் தாமரை இலை மேல் உருளுவது போல உருண்டு சட்டைக்குள் போனது. அடுத்தது, மணிமணியாக இருக்கும் ஸ்க்ரப். தம்பி, தங்கச்சி, இதை மட்டும் மறக்காதீர்கள்: சில்வர் முகத்துக்கு ஸ்க்ரப் தரவே தராதீர்கள். தேய்க்கத் தேய்க்க எவர்சில்வர் குடம் துலங்குவது போல முகம் துலங்கியது. அவர் நெற்றியில் எங்கள் ட்யூப்லைட் தெரிந்தது. பதற்றத்தில் கரி போட்ட ஃபேஸ்வாஷை எடுத்தேன். கரியும் சில்வரும் சேர்ந்து, பென்சில் முனையின் நிறம் வந்தது.

அதற்குள் வளையல் வாங்க வந்தவர்கள் எல்லாம் பின்கட்டுக்கு வந்துவிட்டார்கள். "அப்பிடியே நெஞ்ச நிமித்தி நில்லுங்கண்ணே, ஒரு மாலையப் போட்டுருவோம்," என்றார் செல்வி அக்கா. அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, வாங்க வந்தவரச் சிலையாக்கி வச்சிருக்க. இவர எந்த முக்குல நிறுத்துறது?" என்றார்.

காளிராஜ் அண்ணன் கண்ணாடியைப் பார்த்தபடி, "நாலு நாளு இருக்குல்ல தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலில்தான் எனக்கு வேர்த்தது. எல்லோரும் சிரிக்கிற இடத்தில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் நின்றால், வேலை அவருக்காகத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு யோசித்தேன். தண்ணீர் ஏன் உருள்கிறது? அந்தப் பவுடர் மேல் பிசுக்கு இருக்கிறது. பிசுக்கைப் பிசுக்குதான் கரைக்கும். மேக்கப் கலைக்க வைத்திருக்கும் எண்ணெய்க் கிளென்சரை எடுத்தேன். அது கல்யாணப் பெண்களுக்கு விற்கிற பாட்டில். அதுவரை அந்த அலமாரித் தட்டின் முன் ஒரு ஆம்பளை நின்றதில்லை.

காய்ந்த முகத்தில் எண்ணெய், மெதுவாக வட்டமாக, அழுத்தக்கூடாது. துணியால் ஒற்றியெடுத்து, பிறகு நுரை வராத க்ரீமால் ஒரு கழுவல். எண்ணெய் முதலில், தண்ணீர் பிறகு. துண்டு பளபளத்தது, முகம் மங்கியது. உள்ளே இருந்து மாநிறத்தில், கொஞ்சம் காய்ந்துபோன, வெட்கப்படுகிற ஒரு ஆள் வெளியே வந்தார்.

அவர் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இது எங்க அண்ணன் மாதிரில்ல இருக்கு," என்றார்.

இரண்டு பாட்டிலையும் வாங்கிக்கொண்டு போனார். தினமும் வேலை விட்டதும் இதே முறையில் கழுவச் சொன்னேன். முகம் என்று சொன்னேன். காது என்று சொல்லவில்லை. நம் டப்பாக்களில் எதிலும் காது என்று எழுதியிருப்பதில்லை, கவனித்துப் பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெரியம்மாவும் ஒரு பெண்ணும் கவுண்டருக்கு வந்தார்கள். பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், பெயர் பேச்சி என்று பிறகு தெரிந்தது. பேச்சிக்கு வருவதில் விருப்பம் இல்லை என்பது நடையிலேயே தெரிந்தது. பெரியம்மா கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, இவரு எங்க வீட்டு மாப்பிள. இந்த மினுக்கு எங்க புள்ளைக்கும் வேணும். எது போட்டா வரும்?"

படத்தில் காளிராஜ் அண்ணன். சாயங்கால வெயில், பின்னால் வேப்பமரம், வேலை முடிந்து வெளியே வந்ததும் யாரோ எடுத்திருக்க வேண்டும். நிலா ஒன்று சட்டை போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தார்.

பக்கத்துக் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்த செல்வி அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு டஜன் வளையலோடு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"இது... எந்த டப்பாலயும் வராதுங்கம்மா," என்றேன்.

"அப்ப பொறவியிலயே இப்பிடியா?"

"பொறவியிலன்னு சொல்ல முடியாதுங்க. பழக்கத்துல வர்றது."

"பாத்தியாடி!" என்று பெரியம்மா பேச்சியிடம் திரும்பினார். "பழக்கமாம். காலையில எந்திரிச்சு யோகா செய்வாரு போல. எம்புட்டு வரன் வந்துச்சு, இந்த மினுக்கு யாருகிட்ட இருந்துச்சு? உங்கப்பா இந்தப் படத்தப் பாத்துட்டுதான சரின்னாரு."

என் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்து வாடிக்கையாளர் மினுக்கைப் போக்க வந்தார், நான் போக்கிவிட்டேன். இந்தப் பக்கத்து வாடிக்கையாளர் அதே மினுக்குக்காகப் பெண்ணையே கொடுக்கிறார். இரண்டு பேருக்கும் நம் கடைப் பில்தான். ஒருவர் முகத்தைப் பற்றி இன்னொருவரிடம் பேசக்கூடாது என்பது நம் தொழிலில் முதல் ஒழுக்கம். மருந்துக் கடைக்காரரும் நாமும் இதில் ஒரே சாதி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பேச்சி கைப்பேசியை வாங்கி, படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். "பெரியம்மா, இவருக்குக் காது கூட மினுங்குது. காதுக்குக் கூடவா க்ரீம் போடுவாக?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அண்ணாச்சி இடையில் புகுந்து, வைரம் போட்டதாக அட்டையில் எழுதியிருக்கும் ஃபேஷியல் கிட் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து அனுப்பினார். அதில் வைரம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சீசன் என்பதால் கடை திறந்திருந்தது, நல்ல கூட்டம். பதினொரு மணி வாக்கில் வாசலில் ஒரு வேன் நின்றது. முதலில் பெரியம்மா இறங்கினார். பின்னால் நெற்றியில் வெயில் சுட்ட கோடுகளோடு பேச்சியின் அப்பா. பிறகு பேச்சி, எப்படியோ பிடிவாதம் செய்து கூடவே வந்திருந்தாள். கடைசியாக, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கழுவிய முகத்தோடு காளிராஜ் அண்ணன். உள்ளே வந்த நால்வரும் நேராக என் கவுண்டருக்கு வந்தார்கள்.

"தம்பி, நீயே சொல்லு," என்றார் பெரியம்மா, மூச்சு வாங்க. "புதுப்பட்டிக்குப் போறோம், வீட்டுக்குள்ளருந்து இந்த ஆளு வந்து வாங்க வாங்கங்காரு. மாப்பிள எங்கன்னு கேட்டா, நாந்தான்ங்காரு, அவுகம்மாவும் ஆமான்னு தலையாட்டுறாக. படத்துல இருக்கவரு எங்க, இவரு எங்க? இவரு அண்ணங்காரரு! வந்ததும் மூத்தவரத் தலையில கட்டப் பாக்காக!"

"எங்க அண்ணன் திருப்பூர்ல இருக்காரு," என்றார் காளிராஜ் அண்ணன். அவர் இதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும்; குரலில் தெம்பே இல்லை. "நாந்தாங்க. நான் மூஞ்சி கழுவிட்டேன், அம்புட்டுத்தான்."

"மூஞ்சி கழுவுனா ஆளா மாறும்?"

"மாறும்மா, இந்தத் தம்பிதான் கழுவிவிட்டாரு. அதுனாலதான் இங்கன கூட்டிட்டு வந்தேன்."

ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். பேச்சியின் அப்பா அதை வாங்கி, அட்டையையும் ஆளையும் கைப்பேசிப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல இருக்கது மூணாவதா ஒரு ஆளு," என்று திருப்பிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் அட்டையில் இருப்பவரை எனக்கும் தெரியாது.

"அண்ணன்தாங்க இவரு," என்றேன். அதாவது காளிராஜ் அண்ணன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"பாத்தீகளா! அண்ணன்னு கடக்காரரே சொல்லிட்டாரு!" பெரியம்மா வேனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

ஓடிப்போய் நிறுத்தி, இல்லை, நான் மரியாதைக்கு எல்லோரையும் அண்ணன் என்பவன் என்று விளக்கி அழைத்து வந்தேன். கடையில் பாதிக் கூட்டம் வேலையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றது.

பேச்சியின் அப்பா கையை உயர்த்தினார். அதிர்ந்து பேசாத மனிதர். "தம்பி, உன் வாய்ச்சொல்லு வேண்டாம். பொம்பளப் புள்ளையக் குடுக்கேன். இவருதான் அவருங்கதுக்கு ஒரு அடையாளம் காட்டு. இல்லாட்டி இத்தோட நிப்பாட்டிக்கிடுவோம்."

அடையாளம் என் கண்ணுக்கு எதிரேயே இருந்தது. காளிராஜ் அண்ணன் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் வலது காதுக்குப் பின்னால் ஒரு கீற்று மின்னியது. முகத்தை நான் சொன்னபடி கழுவியிருந்தார். காதுக்குப் பின்னால் நான் சொல்லவில்லை, அவரும் கழுவவில்லை. அதைக் காட்டினால் இவர்தான் அவர் என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். இவர் மருந்து ரூமில் நிற்கிறவர் என்பதும் அதே நொடியில் தெரிந்துவிடும். படத்தில் அது வெயில் மினுக்காகத் தெரியலாம்; நேரில் அந்தப் பவுடரைப் பார்த்ததும் தெரியாதவர் விருதுநகர் மாவட்டத்தில் யார்? காட்டாவிட்டால் கல்யாணம் இங்கேயே நிற்கும். காட்டினாலும் நிற்கலாம்.

பேச்சி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒரு இடத்தில் நீங்களும் ஒரு நாள் நிற்பீர்கள். அப்போது உங்களுக்கு நிறையத் தெரிந்திருக்கும். அதைச் சொல்லிவிட வாய் துறுதுறுக்கும். நான் அந்த நேரத்தில் யோசித்தது ஒன்றுதான். பாட்டில் நம்முடையது, முகம் அவருடையது. கவுண்டரைச் சுற்றி வந்து, காளிராஜ் அண்ணன் அருகில் போய் மெல்லச் சொன்னேன்: "அண்ணே, வலது காதுக்குப் பின்னாடி கொஞ்சம் மிச்சம் இருக்கு. காட்டுறதும் காட்டாததும் நீங்க சொல்றதுதான்."

அவர் கை காதுக்குப் போனது. விரலை எடுத்துப் பார்த்தார், நுனி பளபளத்தது. அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். பிறகு திரும்பி, பேச்சியின் அப்பாவுக்கு முதுகைக் காட்டி, காது மடலை முன்னால் மடித்துப் பிடித்தார்.

"மாமா, பாருங்க. அந்தப் படத்துல இருக்கவன் மூஞ்சில இருந்தது இதுதான். மருந்து ரூம்லதான் வேல பாக்கேன். காப்பி குடிச்சதும் சொல்லணும்னு இருந்தேன். அதுக்கு முன்னாடியே என்னய எங்க அண்ணனாக்கிட்டீக."

பெரியம்மா வாய்க்குள்ளே, "அப்ப யோகா இல்லையா?" என்றார்.

பேச்சி முன்னால் வந்து, கைப்பேசிப் படத்தை அந்தக் காதுக்கு அருகில் பிடித்து ஒப்பிட்டாள். "இவருதாம்ப்பா. அதே காது," என்றாள். பிறகு அவரிடமே நேராகக் கேட்டாள்: "உங்க ரூம்ல எத்தன பேரு நிப்பீக?"

அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. ஒரு ரூமில் அளவுக்கு மேல் ஆளை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது இந்தப் பக்கம் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

"நாலு பேரு. அஞ்சாவது ஆள அனுப்புனாகன்னா நான் வெளிய வந்துருவேன்," என்றார் காளிராஜ் அண்ணன். "அதுக்காகவே ரெண்டு கம்பெனிய விட்டு வந்துட்டேன். இந்தக் கம்பெனில என் பேரே ‘வெளிநடப்பு’தான்."

"நெசமா வெளிய வந்துருவீகளா?" என்று கேட்டார் பேச்சியின் அப்பா.

"வந்துருவேன் மாமா."

"கல்யாணத்துக்குப் பெறகும்?"

"பெறகு இன்னும் வெரசா வருவேன்."

யாரோ சிரித்தார்கள். பேச்சியின் அப்பா சிரிக்கவில்லை. பேச்சியைப் பார்த்தார். அவள் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் மெல்ல என் கவுண்டர் பக்கம் திரும்பி, அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இவ்வளவு டப்பாவையும் இப்போதுதான் முதன்முறையாகக் கவனிக்கிறவர் போல.

"தம்பி," என்றார். "கல்யாணத்தன்னைக்கு நாலு பேரு போட்டோ எடுப்பாக. என் மூஞ்சிக்கு எது போட்டுக் கழுவணும்?"

பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணாச்சி நாற்காலி எடுத்து வரச் சொன்னார். நான் மூன்று கேள்விகளையும் அவரிடம் முறையாகக் கேட்டேன். கழுவினால் இழுக்கிறது; மூக்கு பளபளப்பதில்லை; எதையும் பூசியதில்லை. காட்டு வெயில் முகம், சுத்தமான வறண்ட சருமம். ஏழு வருடத்தில் அட்டவணைக் கட்டத்துக்குள் அப்படியே பொருந்திய ஒரே முகம் அதுதான். நுரை வராத க்ரீமைக் கொடுத்தேன். "நுரை வராதுங்க," என்று முன்கூட்டியே சொன்னேன். "வராட்டி போகுது, இன்னைக்கு வேற எது ஒழுங்கா வந்துச்சு?" என்று வாங்கிக்கொண்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். காளிராஜ் அண்ணன் மேடையில் மாநிறமாக, கழுவிய காதுகளோடு நின்றார். பெரியம்மா பந்தியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "என்னத்தச் சொல்லு, அந்த மினுக்கு இருந்திருந்தா லைட்டே போட வேண்டியதில்ல," என்று குறைப்பட்டார்.

அடுத்த சீசன் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கவுண்டரில் நான் குனிந்து ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தேன். "அந்த எண்ணெ இன்னொண்ணு குடுங்கண்ணே" என்று குரல் கேட்டு நிமிர்ந்தேன். பேச்சி. பொட்டு, பூ, சீலை எல்லாம் ஒழுங்காக இருந்தது. இடது கன்னம் மட்டும், காதோரத்திலிருந்து வாயோரம் வரை, கழுவாத கன்னம் ஒன்று வந்து ஒட்டியது போல, சில்வர்.

அவளுக்கு அது தெரியவில்லை. பஸ்ஸில் அத்தனை தூரம் அப்படியே வந்திருக்கிறாள், யாரும் சொல்லவில்லை.

"போன மாசம்தான ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போனாரு, அதுக்குள்ள தீந்துருச்சா?" என்று கேட்க வாயெடுத்தேன். செல்வி அக்கா வளையல் கவுண்டரிலிருந்து என் முதுகில் ஒரு வளையல் பெட்டியை எறிந்தார்.

தம்பி, தங்கச்சி, எங்கே கேட்கக்கூடாது என்று கடைசியில் சொல்வதாகச் சொன்னேனே, அது இந்த இடம்தான். ஒற்றைக் கன்னம் மட்டும் மினுங்குகிற முகம் உங்கள் கவுண்டருக்கு வரும். இந்த ஊரில் சீசனுக்கு ஒன்றாவது வரும். அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. எந்தக் கம்பெனி, எந்த ரூம் என்று கேட்காதீர்கள். கண்ணாடியை நகர்த்தி அவர்கள் பார்வைக்கு வைத்துவிட்டு, எண்ணெய் பாட்டிலை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். மெதுவாகத் தேடுங்கள். பாட்டில் மூன்றாவது தட்டில் இடது ஓரத்தில் இருக்கிறது. ஆனால் அது உடனே கிடைத்துவிட வேண்டாம்.